டீ ஊற்றப் போன மெம்பர்

தெல்கஹவெலச் சந்தியில் ஸஜீதாவின் இடியப்பத்தை வாங்கித் தின்றவர்கள் யாரும், அதை அவிக்கிற கை ஒருநாள் பிரதேச சபையில் கையெழுத்துப் போடும் என்று நினைத்திருக்கமாட்டார்கள். ஸஜீதாவே நினைக்கவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கி வாக்குக் கேட்டு வென்றவள் இல்லை அவள். தேர்தல் முடிந்த பிறகு கட்சிக்கு மேலதிகப் பட்டியலில் ஓர் இடம் கிடைத்தது. அதில் கட்டாயம் ஒரு பெண்ணைத்தான் போடவேண்டும் என்று தெரிந்ததும் கட்சிக்காரர்கள் ஊரெல்லாம் பெண் தேடி அலைந்தார்கள். கல்யாணத்துக்குக்கூட யாரும் அப்படி அலைந்து நான் பார்த்ததில்லை. நாலு வீட்டில் புருஷன்மார் ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தாவது வீட்டில் ஸஜீதாவின் புருஷன் பதுர்தீன், "அவகிட்டக் கேளுங்க. எனக்கிட்ட ஏன் கேக்கிறீங்க?" என்று சொல்லிவிட்டு, தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுகிற தன் சின்ன லொறியைக் கழுவப் போய்விட்டார். இப்படித்தான் நாற்பத்தாறு வயதில் அவள் மெம்பர் ஆனாள்.

ஊர் சும்மா இருக்குமா? "இடியப்பம் அவிக்கிறவக்கு சபையில என்ன வேல? டீ ஊத்தவா?" என்று கட்சிக்காரர் ஒருவரே சந்தியில் நின்று சொன்னாராம். அது மத்தியானத்துக்குள் அவள் காதுக்கு வந்து சேர்ந்துவிட்டது. சொன்னவர் பெயர் இங்கே வேண்டாம். அவரும் காலையில் அவளுடைய இடியப்பத்தைத்தான் தின்கிறார்.

அவள் சரி என்றதற்குக் காரணம் மகள் றிப்கா. பதினேழு வயது. பிறவியிலேயே எல்லாம் மெதுவாக வருகிற பிள்ளை. நடந்தது மூன்று வயதில். பேசியது ஆறு வயதில், அதுவும் எண்ணியெடுத்த சில சொற்கள்தான். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரை வைத்திருந்தார்கள். பிறகு, இந்தப் பிள்ளையைத் தனியாகப் பார்க்க எங்களிடம் ஆள் இல்லை என்று, அன்பாகத்தான், வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்பாகச் சொன்னால் மட்டும் கதவு மூடாமல் இருக்குமா? ஐந்து வருஷம் றிப்கா ஜன்னலுக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில் வளர்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் தயாளினி டீச்சர் வந்தாள். மாத்தளை டவுன்காரி. ஒரு தொண்டு நிறுவனம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கென்று சபையின் பொதுநோக்கு மண்டபத்தில் வகுப்பொன்றைத் தொடங்கி அவளை அனுப்பியிருந்தது. ஒன்றரை வருஷத்தில் திட்டம் முடிந்தது என்று நிறுவனம் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. டீச்சர் போகவில்லை. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் விடியற்காலை பஸ்ஸேறி வந்து, காவலாளியிடம் திறப்பை வாங்கிக் கதவைத் திறந்து, தானே கூட்டிப் பெருக்கிப் பாய் விரிப்பாள். பன்னிரண்டு பிள்ளைகள் வருவார்கள். முஸ்லிம் பிள்ளைகள், சிங்களப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளை ஒன்று. நாலு வருஷத்தில் றிப்கா தானாகத் தலை வாரப் பழகினாள், சந்தியில் பஸ் ஏறி ஹோலடியில் இறங்கப் பழகினாள், கடையில் போய்ச் சவர்க்காரம் கேட்கப் பழகினாள். ஊரில் எல்லாரும் அந்த மண்டபத்தை ஹோல் என்றுதான் சொல்வார்கள். றிப்காவும் அப்படித்தான் சொல்வாள்.

ஆனால் இந்த வகுப்பு எந்தக் காகிதத்திலும் இல்லை. நிறுவனம் போனபோது அதன் கடிதமும் செத்துப்போயிற்று. சபையின் பட்டியலில் அந்த மண்டபத்துக்கு நேரே, 'பகல் வேளையில் பாவனையில் இல்லை' என்று இருந்தது. என்றைக்காவது யாராவது வந்து வெளியே போங்கள் என்றால் காட்டுவதற்கு ஒரு துண்டுகூட இல்லை. மெம்பராகிவிட்டால் அந்த ஒரு துண்டை வாங்கிவிடலாம் என்று ஸஜீதா நினைத்தாள். வேறு ஆசை எதுவும் அவளுக்கு இருக்கவில்லை.

சபையில் அவளைக் கல்வி, இளைஞர் தொழில்வாய்ப்பு, சமூக நலன் ஆகியவற்றுக்கான குழுவில் போட்டார்கள். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும், அவ்வளவு நீளம். மாதத்தில் மூன்றாவது வியாழக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு, சபைக் கந்தோரின் மேல்மாடியில் கூட்டம். ஐந்து உறுப்பினர்கள். தலைவர் ஓய்வுபெற்ற அதிபர், சிங்களவர். எல்லாரும் அவரைப் பிரின்சிபல் சேர் என்பார்கள். கூட்டம் நடப்பது சிங்களத்தில். எழுதுவது மகாலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், இரண்டு மொழியிலும் கூட்டறிக்கை தயாரிக்கிற உத்தியோகத்தர். அவருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், ஆனால் சிரிப்பதற்கு அனுமதிக் கடிதம் இன்னும் வரவில்லை போல் இருப்பார்.

ஸஜீதா அந்தக் குழுவில் வாய் பேசாமல் இருந்தாள் என்று நினைக்கவேண்டாம். ஊர் நிலவரம் காகிதத்தில் ஒன்றாகவும் கண்ணால் பார்த்தால் வேறொன்றாகவும் இருக்கும் அல்லவா? தொழிலற்ற இளைஞர் பட்டியலில் நப்லான் என்ற பெயரை வாசித்தபோது, "அந்தப் புள்ள கட்டாருக்குப் போய் மூணு மாசம், சேர்" என்றாள். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட பிள்ளைகளின் பட்டியல் வந்தபோது, எந்தப் பிள்ளை ஏன் நின்றது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிரின்சிபல் சேர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. காலையில் இடியப்பம் வாங்க வருகிறவர்கள் இடியப்பத்தை மட்டுமா கொண்டுபோகிறார்கள்?

ஒரே ஒரு பழக்கம்தான் அவளை விட்டுப் போகவில்லை. கந்தோரில் டீ கொடுக்கிறவள் நோனா. வயது ஐம்பத்தெட்டு. குசினி கீழே, கூட்டம் மேலே, நடுவில் இருபத்தொரு படி. நோனாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. கோப்பைகளோடு தட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்குவாள். அந்தச் சத்தம் மேலே கேட்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஸஜீதாவுக்கு அதைக் கேட்டுக்கொண்டு கதிரையில் இருக்க முடியவில்லை. மூன்று மணி ஆனதும் மெல்ல எழுந்து கீழே போவாள்.

"நோனா தாத்தா, நீங்க ஊத்துங்க, நான் கொண்டு போறேன்" என்பாள். மூத்த சகோதரியைத் தாத்தா என்பது அவர்கள் வழக்கம்.

"வேணாம் புள்ள. மெம்பர்மாருக்கு இது மரியாத இல்ல" என்பாள் நோனா. சொல்லிக்கொண்டே தட்டத்தை நீட்டுவாள்.

நோனாவுக்கு ஒரு பயம் இருந்தது. தட்டம் தூக்க முடியாது என்று எழுத்தில் வந்துவிட்டால், மருத்துவச் சபைக்கு அனுப்பி வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று. அதனால் ஸஜீதா தட்டத்தை மேல்படி வரை கொண்டுவந்து நோனாவின் கையில் கொடுப்பாள். நோனா உள்ளே வந்து கோப்பைகளை வைப்பாள். ஸஜீதா பின்னால் வந்து ஒன்றும் நடக்காதவள் மாதிரி தன் இடத்தில் உட்காருவாள். ஐந்து மாதம் இப்படியே போயிற்று.

ஆறாவது மாதத்து நிகழ்ச்சி நிரல் வந்தது. ஐந்தாவது விடயம்: 'இளைஞர்களுக்கான கொரிய மொழி வகுப்பு – பொதுநோக்கு மண்டபம், வாரத்தின் ஏழு நாளும், காலையிலிருந்து.' கேட்டிருந்தவன் குழுவின் இளம் உறுப்பினர் அம்ஹர். சந்தியில் போன் திருத்துகிற கடை வைத்திருப்பவன், இருபத்தொன்பது வயது. கொரியாவுக்கு வேலைக்குப் போவதற்கான பரீட்சையை இரண்டு தடவை எழுதித் தவறியவன். கண்டியிலும் குருநாகலிலும் வகுப்புக்குப் போக வசதியில்லாத இருபத்திரண்டு பேரின் பெயர்களை எழுதி, தானே ஒரு ஆசிரியரையும் பிடித்து வைத்திருந்தான். நல்ல காரியம்தான். அதை வேண்டாம் என்று சொல்ல ஸஜீதாவுக்கும் மனம் வராது.

ஆனாலும் சொல்லவேண்டியதைச் சிங்களத்தில் பாடமாக்கிக்கொண்டாள். "திங்கள், புதன், வெள்ளி காலையில் அந்த ஹோலில் பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த நேரத்தை மட்டும் அவர்களுக்கு விட்டுவிடுங்கள்." இடியப்ப உரலைப் பிழியும்போது சொல்வாள், தட்டை இறக்கும்போது சொல்வாள். பதுர்தீன் ஒருநாள் காலையில் அதைக் கேட்டுவிட்டு, "எனக்கே பாடமாகிட்டுது மெம்பர் மேடம். நீங்க போகாட்டி நான் போய்ச் சொல்லிட்டு வாறேன்" என்றார்.

அந்த வியாழக்கிழமை வயலெல்லாம் அறுப்பு. இரண்டு உறுப்பினர்கள் வரவில்லை. பிரின்சிபல் சேர், அம்ஹர், ஸஜீதா என்று மூன்று பேர்தான். மூன்று பேருக்குக் குறைந்தால் கூட்டம் நடத்த முடியாது. கோரம் என்று அதற்குப் பெயர். முதல் கூட்டத்தில் மூன்றாவது ஆள் வரும்வரை பிரின்சிபல் சேர் நாற்பது நிமிஷம் பேனாவை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தது ஸஜீதாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கு மூவரும் நேரத்துக்கு இருந்தார்கள். முதலாவது விடயம் முன்பள்ளி வேலி. அது இழுத்துக்கொண்டே போயிற்று. மூன்று மணி ஆயிற்று. ஐந்தாவது விடயத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று ஸஜீதா எழுந்து போனாள். கைப்பை கதிரையில் இருந்தது.

அன்றைக்குக் கீழே கேத்தல் கொதிக்கவில்லை. மின்சாரம் போய்வந்திருந்தது. பத்து நிமிஷம் அங்கேயே நின்றாள். தட்டத்தை மேல்படியில் நோனாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தபோது பிரின்சிபல் சேர் ஒரு மரணவீட்டுக்குப் போகவேண்டும் என்று அவசரத்தில் இருந்தார். இரண்டாவதும் மூன்றாவதும் நாலாவதும் முடிந்தன. ஸஜீதா தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக இருந்தாள். பிரின்சிபல் சேர் எழுந்து, "அப்ப சரி, அடுத்த மாசம் பார்ப்போம்" என்றார்.

ஸஜீதா மகாலிங்கத்திடம் ஓடினாள். "தம்பி, அஞ்சாவது விடயம்?"

"அது முடிஞ்சுது அக்கா. சேர் அவசரம் எண்டு அதை முதல்ல எடுத்தவர். நீங்கள் இருந்தனீங்கள்தானே?"

"முடிஞ்சா? என்ன முடிவு?"

"அங்கீகரிச்சாச்சு. ஒண்டாம் திகதியில இருந்து, ஏழு நாளும்."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இருபத்தொரு படியும் எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. ஆறு மாதமாக எந்த ஒரு விஷயத்துக்காக அந்தக் கதிரையில் போய் உட்கார்ந்தாளோ, அந்த விஷயம் வந்த நேரத்தில் அவள் கதிரையில் இல்லை. டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். சந்தியில் சொன்ன வாய் பலித்துவிட்டது என்று நினைத்து பஸ்ஸில் அழுதாள். பக்கத்தில் இருந்த பெண், யாராவது மௌத்தா என்று கேட்டாள்.

ஒன்றாம் திகதி திங்கட்கிழமையாக வந்து தொலைத்தது. றிப்கா வழக்கம்போல் எழும்பி, தலை வாரி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு கேற்றடியில் நின்றாள்.

"இன்னக்கி வகுப்பு இல்ல மகள்."

"டீச்சர் சுகமில்லயா?"

"சுகமா ஈக்கிறாங்க. ஹோல் வேற ஆக்களுக்கு."

றிப்கா யோசித்தாள். அவள் யோசிக்கும்போது கீழுதட்டை விரலால் பிடித்துக்கொள்வாள். பிறகு சொன்னாள், "நீங்க மெம்பர்தானே உம்மா. சொல்லுங்க."

புதனும் நின்றாள். வெள்ளியும் நின்றாள். ஒவ்வொரு நாளும் அதையே சொன்னாள், சொல்லுங்க உம்மா என்று. கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் ஸஜீதாவால் தாங்க முடியவில்லை. தயாளினி டீச்சர் போன் எடுத்து, "பரவாயில்லக்கா, வேற எடம் பாப்போம், நீங்க மனச விட்டுறாதீங்க" என்றாள். ஆனால் அந்த ஊரில் வேறு இடம் எது? அடுத்த திங்கட்கிழமை றிப்கா கேற்றடிக்கு வரவில்லை. பை ஆணியில் தொங்கியது. தலை வாரவும் இல்லை.

அன்றைக்குத்தான் ஸஜீதா கந்தோருக்குப் போனாள். மகாலிங்கம் கூட்டறிக்கையைத் தட்டச்சுச் செய்து முடித்திருந்தார். அவள் வாங்கி வாசித்தாள். 'சமுகமளித்தோர்: மூவர். ஐந்தாவது விடயம் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.' இரண்டாம் தடவையும் வாசித்தாள். முதல் கூட்டத்தில் மூடி வைத்த அந்தப் பேனா ஞாபகம் வந்தது.

"தம்பி, அந்த நேரம் நான் உள்ளுக்கு இல்லயே. ரெண்டு பேர்தானே இருந்தாங்க. அப்ப கோரம் இல்லதானே?"

மகாலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "ஓம் அக்கா. இல்லைத்தான். சேர் உங்கட கைப்பையைப் பாத்திட்டு நீங்கள் இருக்கிறியள் எண்டு நினைச்சிட்டார். நானும் குனிஞ்சு எழுதினபடியால் கவனிக்கேல்லை. அது என்ர பிழையும்தான்."

"இப்ப மாத்த ஏலாதா?"

"நான் மாத்தேலாது. வாற கூட்டத்தில முதல் வேலை இந்த அறிக்கையை உறுதிப்படுத்திறது. அதுக்கு முதல் நீங்கள் எழும்பிச் சொல்லோணும். உறுதிப்படுத்திப்போட்டால் பிறகு ஒண்டும் செய்யேலாது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார், "எங்க போனனீங்கள் எண்டு கேப்பினம் அக்கா. பதிலும் அறிக்கையில வரும். அறிக்கையை வெளியில பலகையில ஒட்டுவம்."

பலகை கந்தோர் வாசலில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழுக்கு வருகிறவர், வரி கட்ட வருகிறவர், சும்மா நிழலுக்கு நிற்கிறவர் என்று எல்லாரும் அதை வாசிப்பார்கள். மெம்பர் ஸஜீதா கூட்டத்தை விட்டுவிட்டு டீ ஊற்றப் போனாள் என்று ஊரே வாசிக்கும். சந்திக்கு அது போய்ச் சேர ஒரு பஸ் பயணம் போதும். அதுகூடப் பரவாயில்லை. நோனாவின் முழங்கால்? ஏன் போனாய் என்று கேட்டால் முழங்காலைச் சொல்லவேண்டும். சொன்னால் அந்த மனுஷியின் பிழைப்புப் போகும்.

இரண்டு நாள் இடியப்பத்தை எண்ணிக் கொடுப்பதில் பிழை விட்டாள். பதுர்தீன் சாப்பாட்டுப் பீங்கானைத் தள்ளி வைத்துவிட்டு, "என்ன நடந்தண்டு சொல்லுங்க" என்றார். சொன்னாள். அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை.

"ஊருல சிரிச்சா நானும் உங்களோட நின்டு கேட்டுக்கிறேன். புள்ள தல வாராம ஈக்கிறதத்தான் எனக்குப் பாக்க ஏலா" என்றார்.

அந்த மாதத்து மூன்றாவது வியாழக்கிழமை ஐந்து பேரும் வந்திருந்தார்கள். பிரின்சிபல் சேர், "போன கூட்டத்து அறிக்கை. உறுதிப்படுத்துவோமா?" என்று வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். ஸஜீதா எழுந்தாள். பாடமாக்கிய சிங்களம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. வாயில் வந்த சிங்களத்தில் சொன்னாள்.

"ஏலாது சேர். அது பிழை. அஞ்சாவது விடயம் எடுக்கக்குள்ள நான் இங்க இல்ல."

"நீங்கள் வந்திருந்தீர்களே. கைப்பை இருந்ததே."

"கைப்பை இருந்தது சேர். நான் இல்ல."

"எங்கே போயிருந்தீர்கள்?"

வாசலில் நோனா வெறுங்கையோடு நின்றாள். காலையில் வைத்த கோப்பைகளை எடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஸஜீதா அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று நேரே பிரின்சிபல் சேரின் முகத்தைப் பார்த்தாள்.

"கீழ குசினியில டீ ஊத்திக்கிட்டு இருந்தேன் சேர்."

ஒரு உறுப்பினருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார். பிரின்சிபல் சேர் கேட்டார், "அதற்குத்தானே நோனா இருக்கிறா?"

"நோனா தாத்தா நல்லாத்தான் செய்றாங்க சேர். எனக்குத்தான் குந்திக்கிட்டு ஈக்க ஏலா. வீட்டு வேல பழகின உடம்பு. நான் மாறிக்கிறேன். ஆனா அன்னக்கி இங்க ரெண்டு பேர்தான். கோரம் இல்ல. அந்த முடிவு செல்லாது."

பிரின்சிபல் சேர் மகாலிங்கத்தைப் பார்த்தார். மகாலிங்கம், "சரி சேர். சட்டப்படி செல்லாது" என்றார். நாற்பது வருஷம் பிள்ளைகளை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்ட மனிதர், தன்னை யாரோ எழுப்பி நிறுத்தியது போல் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "என் அவசரம். மன்னிக்க வேண்டும். விடயத்தைத் திரும்ப எடுப்போம். நீங்கள் என்ன சொல்ல இருந்தீர்கள்?" என்றார்.

"என்ட மகளும் அந்த வகுப்புலதான் சேர். அத முதல்ல சொல்லிடுறேன்."

"என் பேரனும் கொரிய வகுப்புப் பட்டியலில்தான் இருக்கிறான். சொல்லுங்கள்."

அவள் பன்னிரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். திங்கள், புதன், வெள்ளி, காலை மட்டும் என்றாள். அங்கே அப்படி என்னதான் படிக்கிறார்கள் என்று, முதலில் சிரித்த உறுப்பினரே கேட்டார். கிண்டலாக இல்லை, தெரியாமல்தான் கேட்டார்.

"என்ட மகள் சட்டைக்குப் பொத்தான் போடப் பழகினா சேர். பதினஞ்சு வயசுல. ரெண்டு வருஷம் பழகி ஒருநாள் தானாப் போட்டுக்கிட்டு வந்து முன்னால நின்டா. ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தா. நான் திருத்தல்ல. அப்படியே கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் எல்லாருக்கும் நெஞ்சக் காட்டிக்கிட்டு வந்தா. இப்ப ரெண்டு கிழமையா வீட்டுல ஈக்கிறா. தலை வாரச் சொன்னா, எங்க போறதுக்கு எண்டு கேக்கிறா."

அம்ஹர் தன் முன்னால் இருந்த காகிதத்தை மடித்தான், விரித்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். சபையில் எதைக் கேட்டாலும் பாதிதான் கிடைக்கும் என்பது ஊரறிந்த சங்கதி. ஒரு தெருவிளக்கு வேண்டுமென்றால் மூன்று என்று எழுதுவார்கள். பாலம் வரை பாதை வேண்டுமென்றால் பள்ளிவாசல் வரை என்று எழுதுவார்கள். உறுப்பினர்கள் வெட்டுவார்கள், கேட்டவர் முறைக்காகக் கொஞ்சம் முறைத்துவிட்டு மிச்சத்தை வாங்கிக்கொண்டு போவார். கேட்கிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் இது தெரியும்.

"ஸஜீதா தாத்தா," என்றான் அம்ஹர். சிங்களத்தை விட்டுத் தமிழுக்கு வந்துவிட்டான். "எனக்கு மூணு நாள் போதும். ஏழு நாளண்டு எழுதினது, குறைப்பீங்கதானேண்டு. நீங்கதான் வெட்டுவீங்கண்டு நினைச்சேன். அன்னக்கி யாரும் ஒண்டும் சொல்லல்ல. சேர் அப்படியே கையெழுத்து வெச்சிட்டார். எனக்கே ஒரு மாதிரியாப் போச்சு. ஆனா, வேணாமண்டு சொல்ல வாய் வரல்ல. காலையில ஒரு வகுப்பு நடக்கிறது, சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியாதுதான். அது எந்தக் காகிதத்துலயும் இல்லயே" என்றாள் ஸஜீதா.

மகாலிங்கம் அதைச் சிங்களத்தில் சொன்னார். பிரின்சிபல் சேர் பேனாவைத் திறந்தார். செவ்வாய், வியாழன், சனி கொரிய வகுப்பு. திங்கள், புதன், வெள்ளி காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை விசேட தேவையுடைய பிள்ளைகளின் வகுப்பு, ஆசிரியர் செல்வி தயாளினி. அவர் சொல்லச் சொல்ல மகாலிங்கம் எழுதினார். ஐந்து கைகள் உயர்ந்தன. ஸஜீதாவின் கை எல்லாருக்கும் கடைசியாகத்தான் இறங்கியது.

கூட்டம் முடிந்ததும் மகாலிங்கம் மெல்ல வந்து கேட்டார். "அக்கா, நீங்கள் வெளியில போனதுக்குக் காரணம் எழுதோணும். 'வேறு கடமை நிமித்தம்' எண்டு போடட்டே? அதுவும் பிழையில்லை."

ஸஜீதா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "வேணாம் தம்பி. டீ ஊத்தப் போனேண்டே எழுதுங்க. நடந்தது அதுதானே."

படியின் கீழே நோனா காத்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. "என்ட முழங்காலச் சொல்லியிருக்கலாமே புள்ள. உங்கட மானத்த ஏன் குடுத்தீங்க?" என்று கையைப் பிடித்தாள்.

"மானம் எங்கயும் போகல்ல தாத்தா" என்றாள் ஸஜீதா. "ஆனா இனி மூணு மணிக்கு வர ஏலா. முடிஞ்ச பொறகு வந்து கோப்பை கழுவித் தாறேன்."

வெள்ளிக்கிழமை அறிக்கை பலகையில் ஏறியது. சனிக்கிழமை சந்தியில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களும் வந்து இடியப்பம் வாங்கினார்கள், அவள் எப்போதும்போல் எண்ணிச் சுற்றிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் றிப்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிள்ளை கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

"மகள், இன்னக்கி வகுப்பு ஈக்கு."

றிப்கா திரும்பவில்லை. ஒருமுறை பொய்த்துப் போனதை அவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுகிற பிள்ளை இல்லை அவள்.

"மெய்யா மகள். டீச்சர் பஸ்ஸுல வந்துக்கிட்டு ஈக்கிறாங்க."

கொஞ்ச நேரம் கழித்து றிப்கா மெதுவாகத் திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தாள். கீழுதட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னீங்களா உம்மா?"

"சொன்னேன் மகள்."

"சத்தமா?"

"சத்தமாத்தான்" என்றாள்.

றிப்கா எழுந்து உட்கார்ந்து, சீப்பு எங்கே என்று கேட்டாள்.